பாதியாக்கு, வர்க்கமாக்கு, கூட்டு... ஏன்? 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாத்தில் வரைந்த ஒரு மூலை!

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த வரி அடிக்கடி காதில் விழும். “எக்ஸோட கெழுவைப் பாதியாக்கு, அதை வர்க்கமாக்கு, ரெண்டு பக்கமும் கூட்டு!” சொன்னபடி செய்தால் கணக்கு வந்துவிடும். மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால், “ஏன் பாதியாக்கணும்? ஏன் வர்க்கமாக்கணும்?” என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் வீட்டில் சட்டென்று அமைதி நிலவும். சொல்லித்தரும் அப்பாவும் அம்மாவும் இதே கணக்கை இதே மூன்று வார்த்தைகளில்தான் படித்துத் தாண்டி வந்திருப்பார்கள்.

இந்த முறைக்குப் பாடப்புத்தகத்தில் ‘வர்க்கப் பூர்த்தி முறை’ என்று பெயர். பெயரைக் கொஞ்சம் நின்று கவனித்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. எதையோ பூர்த்தி செய்கிறோம். அப்படியானால் ஏதோ ஒன்று குறைகிறது. என்ன குறைகிறது? எங்கே குறைகிறது?

இதற்குப் பேனாவைவிடக் கத்தரிக்கோல் நல்ல விடை சொல்லும்.

ஒரு அட்டை, ஒரு ஸ்கேல், ஒரு கத்தரிக்கோல்

பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சதுரம் வெட்டுங்கள். எந்த அளவாக இருந்தாலும் சரி. அக்கா 6 சென்டிமீட்டரில் வெட்டட்டும், தம்பி 9 சென்டிமீட்டரில் வெட்டட்டும். அடுத்து, இருவரும் ஆளுக்கொரு பட்டை வெட்ட வேண்டும். பட்டையின் நீளம் அவரவர் சதுரத்தின் பக்க அளவு. அகலம் மட்டும் இருவருக்கும் 10 சென்டிமீட்டர்.

இப்போது சதுரமும் பட்டையும் சேர்ந்து ஒரே சதுரமாக வேண்டும். பட்டையை அப்படியே பக்கத்தில் ஒட்டினால் நீளமான ஒரு செவ்வகம்தான் கிடைக்கும். ஆகவே பட்டையை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுங்கள். 5 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள் வரும். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கம் வையுங்கள். இன்னொன்றைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

கிட்டத்தட்ட ஒரு பெரிய சதுரம் வந்துவிட்டது. வலது கீழ் மூலையில் மட்டும் ஓட்டை. அந்த ஓட்டையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அக்காவுடையதும் 5-க்கு 5. தம்பியுடையதும் 5-க்கு 5.

இருவரும் வெட்டிய சதுரங்கள் வேறு வேறு. ஆனால் மூலையில் குறைவது ஒன்றே, 25 சதுர சென்டிமீட்டர். மூலை பட்டையின் அகலத்தை மட்டுமே பார்க்கிறது, சதுரத்தின் அளவைப் பார்ப்பதில்லை. அதாவது, எக்ஸ் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாதபோதே, எவ்வளவு குறைகிறது என்று துல்லியமாகச் சொல்லிவிட முடிகிறது. வர்க்கப் பூர்த்தியின் மொத்த ரகசியமும் இந்த ஒரு மூலையில்தான் இருக்கிறது.

‘பாதியாக்கு’ என்றால் பட்டையை இரண்டாக வெட்டு. ‘வர்க்கமாக்கு’ என்றால் மூலையின் பரப்பைக் கண்டுபிடி. ‘கூட்டு’ என்றால் அந்த மூலையை அடை. இயற்கணித மொழியில் எக்ஸ்² + 10எக்ஸ் என்பது ஓட்டையுள்ள சதுரம். 25-ஐக் கூட்டியதும் அது எக்ஸ்² + 10எக்ஸ் + 25 என்ற முழு வர்க்கமாகி, (எக்ஸ் + 5)² என்று ஒரே அடைப்புக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று உறுப்புகளும் எங்கே இருக்கின்றன என்று அட்டையில் விரல் வைத்துக் காட்டலாம்: நடுவில் சதுரம், ஓரத்தில் இரு பட்டைகள், மூலையில் குட்டிச் சதுரம்.

பாக்தாத்தின் 39

அட்டையும் கத்தரிக்கோலும் நாம் சேர்த்துக்கொண்டவை. படம் பழையது. 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அல்-மாமூன் ஆட்சியில் பாக்தாத்தில் பணியாற்றிய அறிஞர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் எல்லையை ஒட்டிய குவாரிஸ்ம் பகுதியின் பெயர் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. சுமார் 820-ல் அவர் எழுதிய கணித நூலின் தலைப்பில் ‘அல்-ஜபர்’ என்ற சொல் வருகிறது. ‘அல்ஜீப்ரா’ பிறந்தது அதிலிருந்துதான். அவர் பெயரே லத்தீன் வழியாக உருமாறி ‘அல்காரிதம்’ ஆனது. கையில் இருக்கும் போனில் அடுத்து எந்த வீடியோ வர வேண்டும் என்று தீர்மானிக்கிறதே, அதே அல்காரிதம்தான்!

‘ஜபர்’ என்றால் குறைந்ததைச் சீராக்கி நிலைநிறுத்துவது. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல். ஸ்பானிய மொழியில் ஒரு காலத்தில் ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்றால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர். நம் ஊர்ப் பக்கம் புத்தூர் கட்டுப் போடுபவரை நினைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நூலில் அல்-ஜபர் என்று அவர் குறிப்பிட்டது மூலையை அடைப்பதை அல்ல. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டு நிற்கும் உறுப்பை மறுபக்கத்தில் கூட்டிச் சரிசெய்வதை.

அந்த நூலில் எக்ஸ் இல்லை. கூட்டல் குறியோ சமக்குறியோ கூட இல்லை. எல்லாம் சொற்கள். தெரியாத எண்ணை ‘வேர்’ என்கிறார், அதன் வர்க்கத்தைச் ‘சதுரம்’ என்ற பொருளில் கையாள்கிறார். அவருடைய புகழ்பெற்ற கேள்வி இதுதான்: ஒரு சதுரமும் அதன் 10 வேர்களும் சேர்ந்தால் 39. வேர் எவ்வளவு?

அவர் சொல்லும் வழியைத் தமிழில் போட்டால், இன்றைக்கு டியூஷனில் சொல்வதிலிருந்து அதிகம் மாறாது. 10-ஐப் பாதியாக்கினால் 5. அதன் வர்க்கம் 25. அதை 39-உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் 3. சரிபார்க்கலாம்: 3-இன் வர்க்கம் 9, பத்து மூன்று 30, மொத்தம் 39.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அதுவும் மனப்பாட வித்தையாகவே போயிருக்கும். அல்-குவாரிஸ்மி நிறுத்தவில்லை. எண்ணால் விடை சொன்ன பிறகும், அது ஏன் சரி என்று படம் வரைந்து காட்டினார். ஒன்றல்ல, இரண்டு படங்கள்.

முதல் படத்தில் சதுரம் நடுவில் இருக்கிறது. பத்தை நான்காகப் பிரித்து, இரண்டரை அகலத்தில் நான்கு பட்டைகளை நான்கு பக்கமும் வைக்கிறார். கூட்டல் குறி மாதிரி ஓர் உருவம் வரும். நான்கு மூலைகளிலும் குட்டி ஓட்டைகள். ஒவ்வொன்றும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது 6.25. நான்கும் சேர்ந்தால் அதே 25! இரண்டாவது படம்தான் நாம் மேலே அட்டையில் செய்தது: இரண்டு பட்டை, ஒரே மூலை. இரண்டிலும் பெரிய சதுரத்தின் பரப்பு 39-உம் 25-உம் சேர்ந்து 64. பக்கம் 8. அதில் 5 பட்டைகளுக்குப் போனால், உள்ளே மிச்சம் 3.

பாகப் பிரிவினைக்கு எழுதிய புத்தகம்

அல்-குவாரிஸ்மி இந்தப் புத்தகத்தை யாருக்காக எழுதினார் என்பது சுவாரஸ்யமானது. வாரிசுச் சொத்து, பங்கு பிரித்தல், வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் என மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்காக எழுதுவதாக முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். நூலின் ஏறத்தாழ பாதி, உயிலும் வாரிசுப் பங்கும் பற்றியதுதான். கணவர் இறந்தால் மனைவிக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, நடுவில் ஒருவருக்குக் கடன் பாக்கி இருந்தால் எவ்வளவு என்று போகும் கணக்குகள். (அந்தப் பகுதிக்கு வர்க்கம் தேவைப்படவில்லை. எளிய சமன்பாடுகளே போதுமாக இருந்தன.) உலகின் மிகப் பிரபலமான கணித நூல்களில் ஒன்று பாகப் பிரிவினைக் கணக்குகளைச் சுமந்துகொண்டு வந்தது என்பது, ‘அல்ஜீப்ரா வாழ்க்கைக்கு எதுக்கு?’ என்று கேட்கும் பிள்ளைகளிடம் சொல்லத் தகுந்த செய்தி.

1145-ல் ஸ்பெயினின் செகோவியாவில் செஸ்டர் ஊர் ராபர்ட் என்பவர் இந்த நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பாவுக்கு அல்ஜீப்ரா போய்ச் சேர்ந்த முக்கிய வழிகளில் அது ஒன்று.

அல்-குவாரிஸ்மியிடம் ஒரு போதாமையும் இருந்தது. மேலே உள்ள கணக்குக்கு −13 என்றும் ஒரு விடை உண்டு. −13-இன் வர்க்கம் 169, அதிலிருந்து 130 போனால் 39. அவர் அதைச் சொல்லவில்லை. மைனஸ் 13 பக்கம் உள்ள சதுரத்தை எப்படி வரைவது? மைனஸ் எண்களை அவர் ஏற்காததால், இன்று நாம் ஒரே வடிவில் எழுதிவிடும் சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்து, தனித்தனியாக வழி சொல்ல வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 628-ல், இந்தியாவில் பிரம்மகுப்தர் மைனஸ் எண்களுக்கு விதிகள் எழுதிவிட்டார். பிளஸ் என்றால் ‘தனம்’, மைனஸ் என்றால் ‘ருணம்’, கடன். கடன் பற்றித் தெரிந்தவர்களுக்கு மைனஸ் புரியாதா என்ன!

களிமண்ணில் ஒரு பாதி

மூலையை அடைக்கும் யோசனை பாக்தாத்தைவிடவும் பழையது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 13901 என்ற எண்ணில் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. வயது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். அதன் முதல் கணக்கு: ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால். பக்கம் எவ்வளவு?

பலகை சொல்லும் வழி: ஒன்றைப் பாதியாக்கு, அரை. அதன் வர்க்கம், கால். முக்காலோடு கூட்டு, ஒன்று. அதன் வர்க்கமூலம் ஒன்று. அரையைக் கழி. விடை அரை. அப்படியே நம்முடைய ‘பாதியாக்கு, வர்க்கமாக்கு, கூட்டு’!

நீண்ட காலம் இதை வெறும் எண் விளையாட்டாகத்தான் ஆய்வாளர்கள் படித்து வந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கணித வரலாற்றாளர் யென்ஸ் ஹோய்ரூப், அதில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை வெட்டுவதையும் ஒட்டுவதையும் குறிப்பவை என்று விளக்கினார். களிமண்ணில் எழுதியவரின் மனதிலும் சதுரமும் பட்டையும் மூலையும்தான் இருந்தன என்பது அவர் வாசிப்பு.

இந்தியாவில் ஸ்ரீதரர் வேறொரு சாமர்த்தியம் செய்தார். எக்ஸ்²-க்கு முன்னால் 2, 3 என்று கெழு இருந்தால் பாதியாக்கும்போது பின்னம் வந்து தொல்லை கொடுக்குமே? அதற்கு ஸ்ரீதரரின் வழி: முதலிலேயே இரு பக்கத்தையும் எக்ஸ்²-இன் கெழுவைப் போல் நான்கு மடங்கால் பெருக்கிவிடு. பிறகு எக்ஸின் பழைய கெழுவை வர்க்கமாக்கிக் கூட்டு. அவர் எழுதிய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் நூலில் எடுத்துச் சொன்னதால் விதி பிழைத்தது.

உதாரணமாக, 2எக்ஸ்² + 7எக்ஸ் = 15. எல்லாவற்றையும் 8-ஆல் பெருக்கினால் 16எக்ஸ்² + 56எக்ஸ் = 120. இரு பக்கமும் 49-ஐக் கூட்டினால், இடது பக்கம் (4எக்ஸ் + 7)², வலது பக்கம் 169. ஆக 4எக்ஸ் + 7 = 13, எக்ஸ் ஒன்றரை. வழி நெடுக ஒரு பின்னமும் இல்லை, கடைசி வரியில்தான் எட்டிப் பார்த்தது. (மைனஸ் 13-ஐ எடுத்தால் −5 என்ற இன்னொரு விடையும் கிடைக்கும்.) பின்னம் என்றாலே அலறும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பாருங்கள்.

சூத்திரம் இருக்கு, அது வந்த வழி?

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க, மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ் ரூட் என்று தொடங்கும் சூத்திரத்தைப் பள்ளியில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அர்த்தம் மறந்தாலும் ராகம் நினைவில் இருக்கும். அந்தச் சூத்திரம் வானத்திலிருந்து குதித்ததல்ல. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து, மூலையை அடைத்தால் வந்து நிற்பது அதுதான். சூத்திரத்தில் உள்ள ‘மைனஸ் பி’, கடைசியில் கழிக்கப்படும் பாதிப் பட்டையின் தடயம். ரூட்டுக்குள் இருக்கும் பி வர்க்கம், அடைத்த மூலையின் தடயம்.

தமிழக அரசின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் மூன்றுமே இருக்கின்றன. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் நிலை வேறு. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்க 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. பல பகுதிகளை நீக்கியது. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நீக்கப்பட்டவற்றில் ‘வர்க்கத்தைப் பூர்த்தி செய்து தீர்த்தல்’ என்ற பகுதியும் ஒன்று. சூத்திரம் புத்தகத்தில் தங்கியது. அது பிறந்த வழி போய்விட்டது.

சுமையைக் குறைக்க வேண்டியதுதான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எதைக் குறைப்பது என்பதில் கேள்வி எழுகிறது. சூத்திரம் மறந்துபோன பிள்ளை, மூலை தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அதைத் திரும்ப உருவாக்கிவிடும். மூலை தெரியாத பிள்ளைக்கு, தேர்வு அறையில் சூத்திரத்தில் ஒரு குறி தடுமாறினால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. பிளஸ் ஒன்னில் வட்டத்தின் சமன்பாட்டிலிருந்து மையத்தையும் ஆரத்தையும் கண்டுபிடிக்கும்போது இதே மூலை மறுபடி வந்து நிற்கும். அங்கே உதவச் சூத்திர ராகம் வராது.

40 மீட்டர் கம்பிவேலி

படிப்பை விடுங்கள், தோட்டத்துக்கு வரலாம். கையில் 40 மீட்டர் கம்பிவேலி இருக்கிறது. செவ்வகமாக ஒரு காய்கறிப் பாத்தியைச் சுற்றி அடைக்க வேண்டும். அதிக இடம் கிடைக்க நீளம், அகலம் எப்படி வைப்பது?

நீளமும் அகலமும் சேர்ந்து 20. அகலம் எக்ஸ் என்றால், பரப்பு எக்ஸ் பெருக்கல் (20 − எக்ஸ்). இதை வர்க்கப் பூர்த்தி செய்து எழுதினால் 100 − (எக்ஸ் − 10)² என்று வரும். இனி கணக்கே வேண்டாம், பார்த்தாலே புரியும். நூறிலிருந்து ஒரு வர்க்கம் கழிகிறது. வர்க்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. ஆகவே 100 சதுர மீட்டருக்கு மேல் கிடைக்க வழியே இல்லை. அந்த நூறும் அகலம் சரியாக 10 ஆக இருந்தால்தான். 8-க்கு 12 வைத்தால் 4 நஷ்டம், 96. 5-க்கு 15 வைத்தால் 25 நஷ்டம், 75. பத்திலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ, அதன் வர்க்கம் அப்படியே நஷ்டம்.

வீட்டுச் சுவர் ஒரு பக்கம் இருந்து, மூன்று பக்கத்துக்கு மட்டும் வேலி போட்டால்? இங்கேயும் சதுரம்தான் சிறந்தது என்று பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். பரப்பு எக்ஸ் பெருக்கல் (40 − 2எக்ஸ்). பூர்த்தி செய்தால் 200 − 2(எக்ஸ் − 10)². சுவரிலிருந்து 10 மீட்டர், சுவரை ஒட்டி 20 மீட்டர். சதுரம் இல்லை, நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. கிடைப்பதோ 200 சதுர மீட்டர். அதே கம்பியில், சுவர் இல்லாத பாத்தியைப்போல் இரு மடங்கு!

வாங்கும் விலை, விற்கும் விலை, எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கிலும், மேலே எறிந்த பந்து எந்த உயரம் வரை போகும் என்ற கணக்கிலும் இதே வடிவம்தான் வருகிறது. ‘இவ்வளவுக்கு மேல் போகாது’ என்று சொல்லும் எண் ஒன்று, அதிலிருந்து கழிந்துகொண்டே போகும் வர்க்கம் ஒன்று.

அல்-குவாரிஸ்மியும் இந்த எல்லையைக் கவனித்திருக்கிறார். ஒரு சதுரமும் 21-உம் சேர்ந்தால் 10 வேர்களுக்குச் சமம் என்று ஒரு கணக்கு வைக்கிறார். விடைகள் இரண்டு, 3-உம் 7-உம். இரண்டையும் சொல்கிறார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: பாதியின் வர்க்கமான 25-ஐவிட அந்த 21 இருக்கும் இடத்தில் பெரிய எண் வந்துவிட்டால், கணக்குக்கு விடையே கிடையாது. வேலிக் கணக்கின் ‘நூறுக்கு மேல் கிடைக்காது’ என்பதும் இதுவும் ஒன்றேதான். 20 மீட்டர் வேலியில் 25 சதுர மீட்டர் பாத்தி அடைக்கலாம், 26 அடைக்க முடியாது.

அட்டையும் கத்தரிக்கோலும் இன்னும் மேஜையில் இருந்தால், பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: ஒரு சதுரமும் அதன் 6 வேர்களும் சேர்ந்தால் 55. பட்டை 6 சென்டிமீட்டர் அகலம். அதை இரண்டாக வெட்டினால் மூலை எவ்வளவு என்று அவர்களே அளந்து சொல்லட்டும். மூலை 9 என்று வந்தால் பெரிய சதுரம் 64, அதன் பக்கம் 8. வேர் 5 என்று பிள்ளை சொன்னால் சரி. −11 என்று இன்னொரு விடையையும் சேர்த்துச் சொன்னால், பாக்தாத் அறிஞர் எழுதாமல் விட்டதையும் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.